விடுவிக்கப்பட்ட நேரம் யாருக்குச் சென்றது? குடியேற்றமும் உள்நாட்டுப் பெண்களின் உழைப்பும்

(மாதர் அரங்கில் பணியாற்றும் ஊழியர்களுக்கான கட்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



1907 ஆகஸ்ட் மாதம் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஒரே வாரத்தில் இரண்டு கூட்டங்கள் நடைபெற்றன. ஒன்று, சோசலிஸ்ட் பெண்களின் முதல் சர்வதேச மாநாடு. பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்பது அதன் முதன்மையான முழக்கம். கிளாரா ஜெட்கின் அதன் செயலாளராகத் தேர்வு செய்யப்பட்டார். மற்றொன்று, இரண்டாம் அகிலத்தின் காங்கிரஸ். மேடம் காமா இந்திய விடுதலைக் கொடியை உயர்த்திக் காட்டியது அந்தக் காங்கிரசில்தான். தொழிலாளர் குடியேற்றம் பற்றிய விவாதமும் அங்கு நடைபெற்றது. பின்தங்கிய நாடுகளிலிருந்து வரும் தொழிலாளர்களைத் தடுக்க வேண்டும் என்று அமெரிக்கப் பிரதிநிதிகளில் ஒரு பகுதியினர் உள்ளிட்ட சிலர் வாதிட்டனர். காங்கிரஸ் அதை ஏற்கவில்லை. இனத்தையும் தேசத்தையும் காரணம் காட்டித் தொழிலாளரை விலக்கக் கூடாது. வந்து சேர்ந்தவர்களுக்குச் சங்கத்தின் கதவைத் திறக்க வேண்டும். குறைந்தபட்சக் கூலியும் சம உரிமையும் பெற்றுத்தர வேண்டும் என்று தீர்மானித்தது. விலக்கச் சொன்னவர்களின் போக்கை, குறுகிய தொழில்பிரிவு நலனைக் காக்கும் முயற்சி என லெனின் கடுமையாக விமர்சித்தார்.

பெண் விடுதலை ஒரு கூட்டத்திலும், குடியேற்றம் மற்றொரு கூட்டத்திலும் அன்று விவாதிக்கப்பட்டன. இன்று அவை இரண்டும் ஒரே வீட்டின் அடுப்படியில் சந்தித்துக்கொள்கின்றன. வேலைக்குச் செல்லும் உள்நாட்டுப் பெண் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறாள். அவளுடைய குழந்தையை இடுப்பில் சுமந்தபடி வேறொரு நாட்டுப் பெண் உள்ளே நிற்கிறாள். இவ்விரு பெண்களின் உறவைத் தெளிவாகப் புரிந்துகொள்ளாமல் மாதர் இயக்கமும் தொழிற்சங்க இயக்கமும் முன்னேற இயலாது.

ஆய்வுகள் கூறுவது என்ன?

குடியேறியவர்கள் உள்நாட்டு மக்களின் வேலையைப் பறிக்கிறார்கள் என்பது உலகெங்கும் வலதுசாரிகளின் பிரச்சாரம். பெண்களின் உழைப்பைப் பொறுத்தவரை, முதலாளித்துவப் பல்கலைக்கழகங்களின் ஆய்வுகளே இந்தப் பிரச்சாரத்துக்கு எதிராகச் சாட்சி சொல்கின்றன.

அமெரிக்காவில் பாட்ரீசியா கோர்டேஸ், ஹோசே டெசாடா ஆகிய பொருளாதார அறிஞர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. கல்வி வாய்ப்புக் குறைந்த குடியேறிகள் அதிகமாக வந்து சேர்ந்த நகரங்களில், உயர் ஊதியம் பெறும் பெண்களின் வேலை நேரம் கூடியது. வழக்கறிஞர், மருத்துவர் போன்ற தொழில்களில் வாரம் 50, 60 மணி நேரத்துக்கு மேல் உழைக்கும் பெண்களின் பங்கு உயர்ந்தது. அவர்கள் வீட்டு வேலைக்குச் செலவிட்ட நேரம் குறைந்தது. ஸ்பெயினிலும் இதையொத்த முடிவுகளே கிடைத்தன. குடியேற்றம் வேகமாகப் பெருகிய ஆண்டுகளில், படித்த பெண்கள் பிரசவத்துக்குப் பின் முன்பைவிட விரைவில் வேலைக்குத் திரும்பினர். முதியோரைப் பராமரிக்க வேண்டிய பெண்கள் வேலையை விடாமல் நீடித்தனர். ஹாங்காங்கில் சிறு குழந்தைகளின் தாய்மார்கள் வேலைக்குச் செல்வது அதிகரித்ததற்கு, பிலிப்பைன்சிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த பெண்களின் உழைப்பு முக்கியக் காரணம் என்று கண்டறியப்பட்டது.

இதன் மறுபக்கமும் பதிவாகியுள்ளது. 2008க்குப் பிறகு அமெரிக்க அரசு ‘பாதுகாப்பான சமூகங்கள்’ என்ற பெயரில், உள்ளூர்க் காவல்துறை மூலம் ஆவணமற்ற குடியேறிகளைப் பிடித்து நாடு கடத்தும் திட்டத்தை மாவட்டம் மாவட்டமாக விரிவுபடுத்தியது. அதன் விளைவுகளை ஆராய்ந்தவர்கள், சிறு குழந்தைகளைக் கொண்ட, பட்டம் பெற்ற தாய்மார்களின் வேலை நேரம் குறைந்ததைக் கண்டனர். வெளிநாட்டவரை விரட்டியதால் உள்நாட்டுப் பெண் மீண்டும் வீட்டுக்குள் தள்ளப்பட்டாள். குடியேறிகளை வெறுக்கும் அரசியலும் பெண்ணை அடுப்படியில் நிறுத்தும் அரசியலும் ஒரே கட்சிகளின் கொடியின் கீழ் நிற்பதில் வியப்பில்லை.

ஆனால், விவாதத்தை இத்துடன் முடித்துக்கொள்வது தாராளவாதிகளின் பழக்கம். ‘குடியேறிய பெண்ணுக்கு வேலை, உள்நாட்டுப் பெண்ணுக்கு விடுதலை, இருவருக்கும் நன்மை’ என்று அவர்கள் கணக்கை மூடிவிடுகின்றனர். மார்க்சியவாதிகள் மேலும் ஒரு கேள்வியை எழுப்ப வேண்டும்: இவ்வாறு விடுவிக்கப்பட்ட நேரம் யாருக்குச் சென்றது?

நேரத்தின் வர்க்கக் கணக்கு

மேற்கண்ட ஆய்வுகள் அனைத்திலும் ஒரு பொதுக்கூறு உண்டு. பயன் பெற்றவர்கள் உயர் ஊதியப் பெண்கள். கடையில் நிற்கும் பெண்ணும், ஆடைத் தொழிற்சாலையில் தைக்கும் பெண்ணும், அலுவலகத்தைப் பெருக்கும் பெண்ணும் வேறொருவரின் உழைப்பை விலைக்கு வாங்க முடியாது. அவர்களுடைய இரட்டைச் சுமை அப்படியே தொடர்கிறது.

உயர் ஊதியப் பெண்ணுக்குத்தான் அந்த நேரம் சொந்தமாயிற்றா? அதுவும் முழு உண்மையன்று. வீட்டில் மிச்சமான நேரம் அலுவலகத்தில் கூடுதல் நேரமாக மாறியது. வாரம் 60 மணி நேரம் என்ற வேலைமுறை, வீட்டில் மனைவி இருக்கும் ஆணைக் கருதி முதலாளித்துவம் உருவாக்கியது. அந்த முறையை மாற்றாமலேயே பெண்ணையும் அதற்குள் இழுத்துக்கொள்ள, வீட்டில் ‘மனைவியின் இடத்தில்’ ஒரு குடியேறிய பெண் தேவைப்பட்டாள். வேலை நாளைக் குறைக்க வேண்டிய நெருக்கடியிலிருந்து முதலாளி தப்பித்தான். காப்பகம் கட்டும் பொறுப்பிலிருந்து அரசு தப்பித்தது. பாத்திரம் கழுவும் கடமையிலிருந்து கணவன் தப்பித்தான். இந்த மூவரின் பொறுப்பையும் சேர்த்துச் சுமப்பவள், நாடு கடந்து வந்த பெண்.

அவள் எத்தகைய உரிமைகளோடு சுமக்கிறாள்? ஹாங்காங்கில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டு வீட்டுத் தொழிலாளர்கள் உள்ளனர். ஒப்பந்தம் முடிந்தாலோ முறிந்தாலோ இரண்டு வாரங்களுக்குள் வெளியேற வேண்டும் என்ற விதி 1987 முதல் அமலில் உள்ளது. முதலாளியின் வீட்டிலேயே தங்கியாக வேண்டும் என்பது 2003 முதல் கட்டாயம். 2011இல் அமலுக்கு வந்த சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி, வீட்டில் தங்கி வேலை செய்யும் இவர்களுக்குப் பொருந்தாது. மற்ற வெளிநாட்டவர் ஏழாண்டுகள் வசித்தால் நிரந்தர வசிப்புரிமை கோரலாம். எத்தனை ஆண்டுகள் உழைத்தாலும் வீட்டுத் தொழிலாளருக்கு அது இல்லை என்று அங்குள்ள இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது.

சிங்கப்பூரில் வீட்டுத் தொழிலாளர்கள் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். கர்ப்பப் பரிசோதனையும் அதில் அடங்கும். கர்ப்பம் உறுதியானால் வேலை அனுமதி பறிபோகும். ஊர் திரும்ப வேண்டியதுதான். குடும்பம் பற்றிய முடிவு என்ற சொல்லின் முழுப் பொருளும் இங்கே வெளிப்படுகிறது. ஒரு பெண் வேலையில் நீடித்தபடியே தாயாவதற்கு, மற்றொரு பெண் தாயாகக் கூடாது என்று அரசு விதிக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து இந்த வேலைக்குச் செல்லும் பெண்களுக்கும் விதி இதுதான்.

இந்த ஏற்பாட்டைப் ‘பராமரிப்புச் சங்கிலி’ என்று சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்டு பெயரிட்டழைத்தார். பணக்கார நாட்டின் குழந்தையை ஏழை நாட்டுப் பெண் வளர்க்கிறாள். அவளுடைய குழந்தையை ஊரில் பாட்டியோ, மூத்த மகளோ, அவளைவிட ஏழையான மற்றொரு பெண்ணோ வளர்க்கிறார்கள். சங்கிலியின் கடைசிக் கண்ணியில் இருக்கும் குழந்தைக்கு எவரும் மிஞ்சுவதில்லை. சங்கிலி நெடுகிலும் ஆண் எங்கும் தென்படுவதில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளைப்பேறு பற்றிய முடிவு

குடியேறிய உழைப்பு கிடைக்கும் இடங்களில், படித்த பெண்கள் ‘வேலையா, குழந்தையா’ என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிர்ப்பந்தம் ஓரளவு தளர்கிறது என்று அமெரிக்க ஆய்வுகள் கூறுகின்றன. இதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால், சமூகத்தின் நெருக்கடியைத் தனிப்பட்ட வீட்டின் பணிப்பெண் தீர்த்துவிடுவாளா?

ஹாங்காங், சிங்கப்பூர் ஆகிய இரு நகரங்களும் இந்தக் கேள்விக்கு விடை தருகின்றன. குடும்பங்கள் வெளிநாட்டு வீட்டுத் தொழிலாளரை இந்த அளவுக்குச் சார்ந்திருக்கும் இடங்கள் உலகில் மிகச் சிலவே. ஹாங்காங்கில் இந்த முறை 1970களிலேயே தொடங்கிவிட்டது, சிங்கப்பூரில் 1978இல். இருந்தும், உலகிலேயே மிகக் குறைந்த பிறப்பு விகிதங்களில் இவற்றின் விகிதமும் அடங்கும். இரு நகரங்களிலும் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஒரு குழந்தைகூட இல்லை. வீட்டு வாடகையும் விலையும் விண்ணைத் தொடுகின்றன. பள்ளிப் போட்டி பெற்றோரைக் கசக்கிப் பிழிகிறது. ஹாங்காங்கில் வேலை நேரத்துக்குப் பொதுவான சட்ட வரம்பே கிடையாது. இவற்றைத் தொடாமல் பணிப்பெண்ணை மட்டும் இறக்குமதி செய்தால், தாய் அலுவலகத்துக்குத் திரும்புவாள். அடுத்த குழந்தையைப் பற்றி எண்ணத் துணிய மாட்டாள். குழந்தை பெறுவதும் பெறாததும் பெண்ணின் உரிமை. விரும்பியும் பெற முடியாத நிலைமைதான் இங்கு குற்றச்சாட்டு.

இத்தாலியின் பாடம்

அரசின் பொறுப்புத் துறப்புக்கு இத்தாலியைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். அங்கு முதியோர் பராமரிப்புக்குப் பொது நிலையங்கள் போதுமான அளவில் இல்லை. அதற்கு மாற்றாக, கடுமையான இயலாமையில் உள்ளோருக்கு அரசு மாதந்தோறும் ரொக்க உதவி வழங்குகிறது. எப்படிச் செலவிடுகிறார்கள் என்று அது கேட்பதில்லை. குடும்பங்கள் அந்தப் பணத்தோடு சொந்தப் பணத்தையும் சேர்த்து, உக்ரைன், ருமேனியா, மால்டோவா நாடுகளின் பெண்களை அமர்த்திக்கொள்கின்றன. ‘பதாந்தே’ என்று அழைக்கப்படும் இந்தப் பெண்கள் இல்லையென்றால், நடுவயது இத்தாலியப் பெண்களில் பலர் வேலையைத் துறந்து பெற்றோரின் கட்டிலருகே அமர வேண்டியிருக்கும்.

2002இல் பெர்லுஸ்கோனியின் வலதுசாரி அரசு கடுமையான குடியேற்றச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. ஆனால் அதே அரசு, ஆவணமின்றித் தங்கியிருந்தோரை முறைப்படுத்தவும் நேர்ந்தது. ஏறத்தாழ 7 லட்சம் விண்ணப்பங்கள் குவிந்தன. அவற்றில் பாதிக்கு அருகில் வீட்டு வேலை, பராமரிப்பு வேலை செய்தோருடையவை. 2009இல் ஆவணமற்ற நுழைவையே குற்றமாக்கியபோதும் இதே கதை. அந்த ஆண்டு முறைப்படுத்தல் வீட்டுத் தொழிலாளர்களுக்கு மட்டும் திறந்துவிடப்பட்டது. தெருவில் ‘வெளியேறு’ என்று முழங்கியவர்களின் வீடுகளிலேயே அந்தப் பெண்கள் தேவைப்பட்டார்கள். வெறுப்பு அரசியல் குடியேறியவரை முற்றாக விலக்க விரும்புவதில்லை. உரிமையற்றவராக, அஞ்சி நடுங்குபவராக, மலிவானவராக உள்ளே வைத்திருக்கவே விரும்புகிறது.

பல ஆண்டுகள் தனிமையில், இரவுபகலாக முதியோரைப் பராமரித்து ஊர் திரும்பிய பெண்களிடம் காணப்பட்ட ஆழ்ந்த மனச்சோர்வை, உக்ரைனைச் சேர்ந்த மனநல மருத்துவர்கள் ‘இத்தாலி நோய்க்குறி’ என்று குறிப்பிட்டனர். விடுவிக்கப்பட்ட நேரத்தின் விலை எங்கே கட்டப்பட்டது என்பதற்கு இந்தப் பெயரே போதுமான சான்று.

கூலி குறைகிறதா?

உழைக்கும் வர்க்கப் பெண்ணின் கவலையையும் நேர்மையாகப் பரிசீலிக்க வேண்டும். ஏற்கெனவே வீட்டு வேலை செய்து பிழைக்கும் பெண், ‘புதிதாக வருகிறவள் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொள்கிறாள்’ என்று சொல்லும்போது, அவளை இனவெறியர் என்று ஒதுக்குவது தவறு. அமெரிக்காவில் புதிய குடியேற்றத்தால் வீட்டுச் சேவைகளின் விலை குறைந்ததையும், கூலி வீழ்ச்சி பெரும்பாலும் முன்பே வந்திருந்த குடியேறிகளின் தலையில் விழுந்ததையும் கோர்டேஸ் தமது 2008ஆம் ஆண்டு ஆய்வில் காட்டினார். அடி விழுவது சங்கமில்லாத, சட்டப் பாதுகாப்பில்லாத உழைப்பாளி மீது. 1935இல் இயற்றப்பட்ட அமெரிக்கத் தொழிலாளர் உறவுச் சட்டம் வீட்டுத் தொழிலாளரைத் தன் வரம்பிலிருந்து விலக்கி வைத்தது. அந்த விலக்கு இன்றும் நீடிக்கிறது. நாடு கடத்தப்படும் அச்சத்தில் இருப்பவளால் கூலியைப் பேரம் பேச முடியாது. அவள் பேச முடியாதபோது பக்கத்து வீட்டில் வேலை செய்பவளின் கூலியும் சரிகிறது. ஆகவே, புதிதாக வந்தவளுக்கு முழு உரிமை பெற்றுத்தருவதே முன்பே இருப்பவளின் கூலியைக் காக்கும் வழி. ஸ்டுட்கார்ட் தீர்மானத்தின் சாரம் இதுதான்.

குருகிராமிலிருந்து

இந்த விவாதம் இந்தியாவுக்கு அந்நியமானதன்று. 2025 ஜூலையில் ஹரியானாவின் குருகிராம் நகரில், சட்டவிரோத வங்கதேசத்தவரைக் கண்டறிவதாகக் கூறி, வங்கமொழி பேசும் தொழிலாளர்களைக் காவல்துறை பிடித்து அடைத்து வைத்தது. மேற்கு வங்கத்தையும் அசாமையும் சேர்ந்த இந்தியக் குடிமக்களும் அதில் சிக்கினர். அச்சத்தில் குடும்பம் குடும்பமாகத் தொழிலாளர்கள் ஊர் திரும்பினர். சில நாட்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குப்பை தேங்கியது. வீட்டு வேலைக்கு ஆளில்லை என்ற குரல் எழுந்தது. அலுவலகம் செல்லும் பெண்கள் திண்டாடினர். சொந்த நாட்டின் தொழிலாளியையே மொழியாலும் மதத்தாலும் ‘வெளிநாட்டவர்’ ஆக்கும் அரசியல், அமெரிக்காவில் நிகழ்ந்ததையே இங்கும் நிகழ்த்தியது.

அந்த வீடுகளின் கதவு மூடியதும் மாற்று ஏற்பாடு ஏதேனும் இருந்ததா? நாட்டில் 1975இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்தின் கீழ் ஏறத்தாழ 14 லட்சம் மையங்கள் இருக்கின்றன. ஆனால் அவை பகலில் சில மணி நேரமே இயங்குகின்றன. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை வைத்துப் பராமரிக்கும் ஏற்பாடு பெரும்பாலானவற்றில் இல்லை. அவற்றை நடத்தும் ஊழியருக்கு ஒன்றிய அரசு 2018இல் நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய். ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் காப்பகம் வேண்டும் என்று 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் கூறியது. அமைப்புசாரா பெண்களின் பெருந்திரள் அந்த வரம்புக்கு வெளியே நிற்கிறது. 2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகிறாள். ஆண் செலவிடுவது 88 நிமிடங்கள்.

வீட்டுத் தொழிலாளருக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189ஆவது உடன்படிக்கை 2011இல் நிறைவேறியபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. இன்றுவரை அதை ஏற்புறுதி செய்யவில்லை. வீட்டுத் தொழிலாளருக்கெனத் தனிச் சட்டம் கொண்டுவருவது குறித்துப் பரிசீலிக்கக் குழு அமைக்குமாறு 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே ஒன்றிய அரசுக்கு உத்தரவிட நேர்ந்தது.

கடமைகள்

வீட்டு வேலை தனித்தனி வீடுகளின் சுமையாக இருக்கும்வரை பெண்ணின் விடுதலை முழுமையடையாது என்று எங்கெல்ஸ் 1884இலேயே எடுத்துரைத்தார். பொதுச் சமையற்கூடங்கள், குழந்தைக் காப்பகங்கள், மழலையர் பள்ளிகள் ஆகியவற்றைக் கம்யூனிசத்தின் இளந்தளிர்கள் என்று 1919இல் லெனின் வரவேற்றார். ஒரு பெண்ணின் தோளிலிருந்து இறக்கிய சுமையை மற்றொரு பெண்ணின் தோளில் ஏற்றுவதை இருவருமே விடுதலை என்று அழைக்கவில்லை.

இதிலிருந்து எழும் கோரிக்கைகள் தெளிவானவை. 189ஆவது உடன்படிக்கையை ஏற்புறுதி செய்ய வேண்டும். வீட்டுத் தொழிலாளருக்குக் கூலி, வார விடுமுறை, மகப்பேறு உரிமை, சமூகப் பாதுகாப்பு ஆகியவற்றை உறுதிசெய்யும் ஒன்றியச் சட்டம் வேண்டும். அங்கன்வாடிகளை முழுநாள் காப்பகங்களாக உயர்த்தி, ஊழியர்களை அரசு ஊழியர்களாக்க வேண்டும். முதியோர் பராமரிப்பைப் பொதுச் சுகாதாரத்தின் அங்கமாக்க வேண்டும். வேலை நாளை நீட்டிக்கும் முயற்சிகளை ஆண்களும் பெண்களும் சேர்ந்து முறியடிக்க வேண்டும். மொழியையோ பிறப்பிடத்தையோ காரணம் காட்டித் தொழிலாளரை வேட்டையாடுவதை எதிர்த்து முதலில் களமிறங்குவது உள்ளூர்த் தொழிலாளர் சங்கமாக இருக்க வேண்டும்.

கோரிக்கைப் பட்டியலோடு கடமை முடிந்துவிடுவதில்லை. இந்த வகுப்புக்கு வந்திருக்கும் பெண் தோழர்களின் வீடுகளில் இன்று காலை சமைத்தது யார்? ஆண் தோழர்களின் வீடுகளில் யார்? தோழர்களின் வீடுகளில் வேலை செய்யும் பெண்களுக்கு வாரத்தில் ஒருநாள் சம்பளத்துடன் விடுப்பு உண்டா? அவர்கள் சங்கத்தில் சேர்ந்திருக்கிறார்களா? காய்ச்சலில் படுத்த நாளுக்குக் கூலி பிடிக்கப்படுகிறதா? இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லத் தயங்கும் இயக்கம், குருகிராமின் அடுக்குமாடிகளை நோக்கி விரல் நீட்ட இயலாது.

வீட்டுத் தொழிலாளருக்கு ஆலை வாயில் கிடையாது. வாயிற்கூட்டம் போட்டு அவர்களைத் திரட்ட முடியாது. காலையில் அவர்கள் இறங்கும் பேருந்து நிறுத்தமும், குடிநீர் பிடிக்கும் குழாயடியும், பிள்ளைகளை விட்டுவரும் அங்கன்வாடியும்தான் சந்திக்கும் இடங்கள். ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் வீட்டு வேலை செய்யும் பெண்கள் எத்தனை பேர், எந்த மாவட்டத்திலிருந்தும் எந்த மாநிலத்திலிருந்தும் வந்தவர்கள், என்ன கூலி பெறுகிறார்கள், அவர்கள் வேலை செய்யும் நேரத்தில் அவர்களின் குழந்தைகள் எங்கே இருக்கிறார்கள் என்ற நான்கு விவரங்களைத் திரட்டி அடுத்த கூட்டத்தில் வைக்கட்டும். நான்காவது கேள்விக்கான பதிலைக் கேட்கும்போது, காப்பகக் கோரிக்கையை எங்கிருந்து, யாரை முன்னிறுத்தித் தொடங்க வேண்டும் என்பது கிளைக்குத் தானே விளங்கும்.